சென்சார் வாங்கும் முன்: சிறு செக்கு, சிறு களம் நடத்துவோருக்கு ஒரு பாடம்



"விளைஞ்சதை மூட்டையாக் கொண்டுபோய் மண்டியில இறக்காதீங்க, எண்ணெயா ஆட்டுங்க, பொடியா அரைங்க, மதிப்புக் கூட்டி வித்துப் பாருங்க" என்று நம் கூட்டங்களில் பல வருடமாகப் பேசி வருகிறோம். கேட்டவர்களில் பலர் இன்று மரச்செக்கு போட்டிருக்கிறார்கள், முருங்கைப் பொடி அரைக்கிறார்கள், அவல் இடிக்கிறார்கள், சத்துமாவு கட்டுகிறார்கள். உழவராக இருந்துகொண்டே சிறு உற்பத்தியாளராகவும் ஆகிவிட்டோம். ஆனதும் என்ன நடக்குது? வயல்ல பூச்சியோட போராடினது போக, இப்போ குடோன்ல பூசணத்தோட போராட்டம்.

இந்த நேரம் பார்த்து ஒரு புதுச் சரக்கு நம் வாசலுக்கு வருகிறது. 'ஸ்மார்ட்', 'ஐஓடி' என்றெல்லாம் பெயர் எழுதிய சின்னப் பெட்டி. சுவரில் மாட்டினால் குடோனின் சூடும் ஈரமும் உங்கள் செல்போனில் தெரியும் என்கிறார்கள். மாதச் சந்தா கட்டினால் படம் படமாக வரைந்தும் காட்டுவார்களாம். இது நமக்குத் தேவையா, இல்லை பெரிய ஆலைக்காரனுக்குச் செய்ததை நம் தலையில் கட்டுகிறார்களா என்று பலரும் கேட்கிறார்கள்.

காங்கேயம் பக்கத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு மரச்செக்கையும் கொப்பரைக் களத்தையும் பார்த்துக்கொள்பவன் நான். சில வருடமாக இந்தக் கருவிகளோடு வேலை செய்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அளவைப் பார்த்தால் அந்த மணி நேரத்திலேயே உங்கள் கை வேறு வேலை செய்யுமோ, அந்த அளவுக்கு மட்டும் சென்சார் போடுங்க. அப்படிப்பட்ட அளவு ஒரு சிறு உற்பத்திக் கூடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். செக்கு, களம், தானிய குடோன் வைத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஈரம்.

ஈரம் ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு பெரிய விஷயம்?

மற்ற வியாபாரிக்கு குடோனில் வண்டு விழுந்தால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இருக்கிறது. கொப்பரை பூசணம் பிடிக்கும் என்று தெரிந்தால் கந்தகத்தைக் கொளுத்திப் புகை போட்டுவிடுவார். பருப்பும் வெள்ளை வெளேரென்று நிற்கும். நாம் இரண்டையும் தொடமாட்டோம் என்று சொல்லித்தான் எண்ணெய் விற்கிறோம். அப்புறம் நம்மிடம் மிச்சம் இருக்கும் ஒரே மருந்து உலர்ச்சி. அது தவறினால் பின்னால் சரிசெய்ய வழி கிடையாது.

இதில் பணம் மட்டும் போவதில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் அதற்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தீவனத்தைப் பிடித்தார்கள். பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர் வந்தது. கல்லீரலில் புற்றுநோய் வரவைக்கும் நஞ்சு அது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

மரச்செக்குக்காரர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கணும். கடலையில் அந்த நஞ்சு இருந்தால் ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும். பெரிய ஆலைகளில் காரம் சேர்த்து, வெளுத்து, சுத்திகரிக்கிற வேலையில் எண்ணெயில் இருப்பது நீங்கிவிடுகிறது. நாம் சுத்திகரிப்பதில்லை. அதுதானே நம் எண்ணெயின் பெருமை. அப்படியானால் செக்கில் கொட்டும் பருப்பு சுத்தமாக இருந்தே ஆகணும். புண்ணாக்குக்குப் போன நஞ்சு அங்கேயே நிற்பதில்லை. மாடு தின்றால் ஒரு நாளுக்குள் பாலில் வேறு வடிவத்தில் இறங்கிவிடும். பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. நம் புண்ணாக்கை நம்பி வாங்குகிறவரும் பெரும்பாலும் நம் ஊர்ப் பால்காரர்தான்.

விழுக்காட்டில் ஒரு குழப்பம்

ஈரம் என்று இரண்டு கணக்கு இருக்கிறது. பொருளுக்குள் எவ்வளவு நீர் என்பது ஒன்று. காற்றில் எவ்வளவு நீராவி என்பது மற்றொன்று. நூறு கிலோ கொப்பரையில் 7 கிலோ நீர் இருந்தால் அது 7 விழுக்காடு. காற்று அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய ஆவியில் 70 பங்கு இருந்தால் அது காற்று ஈரம் 70 விழுக்காடு. இரண்டையும் 'ஈரப்பதம்' என்றே சொல்லிவிடுவதால் கடைக்காரரும் குழம்புகிறார், நாமும் குழம்புகிறோம்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மூடின டப்பாவுக்குள் தானியத்தைப் போட்டால், தானியம் கொஞ்ச நேரம் நீரை விடும் அல்லது வாங்கும். பிறகு உள்ளிருக்கும் காற்றோடு ஒரு சமநிலைக்கு வந்துவிடும். அந்தச் சமநிலைக் காற்றின் ஈரம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் வளர ஆரம்பிக்கும், கீழே இருந்தால் அடங்கியிருக்கும்.

27 டிகிரி சூட்டில் 70 விழுக்காட்டுக் காற்றோடு சமநிலையில் இருக்கும்போது நெல்லுக்குள் சுமார் 15 விழுக்காடு நீர் இருக்கும். அரிசியில் 13, மக்காச்சோளத்தில் 13.5. தோலுரித்த கடலையிலும் கொப்பரையிலும் வெறும் 7. பாருங்க, நெல்லுக்கு 15 சரி, கடலைக்கு 7தான் சரி. எண்ணெய் இருக்கும் இடத்தில் நீருக்கு இடம் குறைவு, அதனால் கொஞ்ச நீரே பூசணத்துக்குத் தாராளமாகிவிடுகிறது. நெல் காயவைத்துப் பழகின கை, கடலையில் 'போதும், காஞ்சிருச்சு' என்று நிறுத்துவது இதனால்தான்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் களத்துக்கு வந்தபோது கேட்டார். "ஏனுங்க தம்பி, கடலைக்காயைக் காதோரம் ஆட்டினா கலகலன்னு சத்தம் வராதா? பல்லுல கடிச்சாத் தெரியாதா? இதுக்கு ஒரு பெட்டியா?" அவர் சொல்வது நிஜம். கை சொல்லும், காது சொல்லும். ஆனால் பகல் ரெண்டு மணிக்கு வெயிலில் கலகலத்த காய், இரண்டு நாள் கழித்து மூட்டையின் நடுவில் எப்படி இருக்கிறது என்பதை எந்தக் காதும் சொல்லாது. மேலே இருக்கும் காய் 7 விழுக்காட்டிலும் அடியில் இருப்பது 10லும் இருந்தால் அதுவும் தெரியாது. கையின் அனுபவத்தை விடவேண்டாம். கை போகாத இடத்துக்கும், ஆள் இல்லாத நேரத்துக்கும்தான் கருவி.

முதலில் ஒரு பாட்டில்

இணையம், செல்போன் எதுவும் இல்லாமல் ஆரம்பிக்கலாம். கடையில் சின்னதாகத் திரையோடு ஈரமும் வெப்பமும் காட்டும் டிஜிட்டல் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நன்றாக மூடும் ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு கடலைப் பருப்போ கொப்பரைத் துண்டோ நிரப்பி, மானியை உள்ளே வைத்து இறுக்கமாக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். ராத்திரி வைத்தால் காலையில் பார்க்கலாம். 65க்குக் கீழே இருந்தால் மூட்டை கட்டலாம். 65 முதல் 70 என்றால் இன்னொரு நாள் வெயில். 70க்கு மேல் என்றால் அன்றைக்கே களத்துக்கு. 70 என்பது எல்லைக்கோடு, நம் ஊர்ச் சூட்டில் அதன் மேலேயே நடக்கவேண்டாம் என்பதால் 65 என்று வைத்துக்கொள்கிறோம்.

மாதிரி எடுக்கும்போது மேலாக அள்ளாமல், குவியலின் அடி, நடு, ஓரம் என்று ஐந்தாறு இடத்தில் எடுத்துக் கலந்து போடுங்கள். மேலாக அள்ளிய மாதிரி நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும்.

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் இதே வேலையை ஒரு சின்ன அட்டையில் அடக்கியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் நீலம் இளஞ்சிவப்பாக மாறும் தாளை அட்டையில் ஒட்டி, தானியத்தோடு டப்பாவில் போட்டுவிடுவது. மின்சாரமே வேண்டாம். தத்துவம் நம் பாட்டிலுடையதுதான்.

மானி உண்மை சொல்லுதா?

விலை குறைந்த ஈரமானிகள் நாலைந்து விழுக்காடு கூடவோ குறையவோ காட்டுவது சகஜம். கம்பெனி அட்டையில் என்ன போட்டிருந்தாலும் நாமே சோதிக்கவேண்டும். அதற்குச் சமையல் உப்பு போதும்.

ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்போ தூளுப்போ எடுத்து, சில சொட்டு நீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுசும் கரைந்துவிடக்கூடாது, கொஞ்சம் நீர், நிறைய உப்பு. அந்த மூடியையும் மானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு காற்றுப்புகாத டப்பாவுக்குள் வைத்து, சூடு ஏறி இறங்காத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே காற்று ஈரம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். 20 டிகிரியானாலும் 35 டிகிரியானாலும் கிட்டத்தட்ட அதே 75தான். மானி 79 காட்டினால் அது நாலு கூடச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். வெப்பமானிக்கு இதைவிடச் சுலபம். நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த டம்ளரில், நீர் புகாத எஃகுக் குழாய்க்குள் இருக்கும் வெப்ப சென்சாரைக் கொஞ்ச நேரம் வைத்தால் 0 டிகிரி காட்டவேண்டும்.

இந்த உப்புச் சோதனையை ஆடியில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை செய்கிறோம். செக்குக் கொட்டகையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஈர சென்சாரின் மேல் படிந்து அளவைக் கெடுத்துவிடும். விற்க வருகிறவரிடம் "இதை எப்படிங்க சரிபார்க்கிறது?" என்று கேளுங்கள். பதில் இல்லாதவரிடம் வாங்கவேண்டாம்.

இணைத்தால் என்ன கூடுதல்?

பாட்டிலோடு நின்றுவிட்டாலே நம்மில் பாதிப்பேருக்குப் போதும். ஆனால் சில கேள்விகளுக்கு ஒரு மானி பதில் சொல்லாது, இரண்டு மூன்று மானிகள் ஒன்றோடொன்று பேசினால்தான் பதில் வரும். குடோன் கதவை எப்போது திறப்பது என்பது அப்படிப்பட்ட கேள்வி.

ஒரு மழைக்கால மத்தியானம். வெளியே 32 டிகிரி, காற்று ஈரம் 65 விழுக்காடு. ஓட்டுக் கூரை, தடித்த சுவர் கொண்ட குடோனுக்குள் 27 டிகிரி, 70 விழுக்காடு. கதவைத் திறந்து விடலாமா? வெளியே 65, உள்ளே 70, வெளிக்காற்றுதான் உலர்ந்தது, திறந்துவிடு என்றுதான் யாரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைகீழ். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். வெளியே இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீர், உள்ளே சுமார் 18 கிராம்தான். அந்த வெளிக்காற்று உள்ளே வந்து 27 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதன் ஈரம் 87 விழுக்காடு ஆகிவிடும். சரக்கைக் காற்றாட விடுவதாக நினைத்து அதற்கு ஆவி பிடிக்க வைத்திருப்போம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மணிக்கும் மனசில் போடமுடியாது. உள்ளே ஒரு சென்சார், வெளியே நிழலில் ஒரு சென்சார், இரண்டையும் படித்துக் கணக்குப் போடும் ஒரு சின்னச் சில்லு இருந்தால் அது போட்டுவிடும். எங்கள் குடோனில் இருக்கும் விதி இதுதான்: வெளிக்காற்றில் நீர் கிராம் கணக்கில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கணும், வெளிக்காற்றின் ஈரமும் 65 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கணும். இரண்டும் சேர்ந்தால் மட்டும் விசிறி ஓடும். ஒன்று மட்டும் என்றால் ஓடாது. இரண்டாவது நிபந்தனை எதற்கு? குளிர்ந்த விடியற்காலைக் காற்றில் நீர் கிராமில் குறைவாக இருந்தாலும் ஈரம் 90 விழுக்காடு இருக்கும். அதை விசிறி வைத்து மணிக்கணக்கில் சரக்கின் மேல் ஓட்டினால் சரக்கும் குளிர்ந்து அந்த ஈரத்துக்கே போய்ச் சேரும்.

இணைந்த சென்சார் என்பதன் முழுப் பயனும் எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது. செல்போனில் படம் பார்ப்பது சும்மா. ஆள் தூங்கும்போதும், சந்தைக்குப் போயிருக்கும்போதும் ஒரு சரியான முடிவை அது எடுக்கிறதா என்பதுதான் கேள்வி.

கொப்பரைக் கூடாரத்தில்

தேங்காயை உடைத்த நேரத்தில் பருப்பில் பாதிக்குப் பாதி நீர். அதை 6 விழுக்காட்டுக்கு இறக்கவேண்டும். கந்தகம் போடாதவர்களுக்கு முதல் இரண்டு நாள்தான் உயிர். அந்த ஈரத்தில் ஒரு ராத்திரி மப்பாகப் போனால் பருப்பின் மேல் வழுவழுப்பு வந்துவிடும், பிறகு என்ன காயவைத்தாலும் நிறமும் மணமும் திரும்பாது. இதனால் பலரும் சூரியக் கூடார உலர்த்திக்கு மாறியிருக்கிறோம்.

கூடாரத்துக்குள் பகல் சூட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதுவும் கவனிக்கவேண்டியதுதான். ஆரம்பத்திலேயே 60 டிகிரியைத் தாண்டி ஏற்றினால் பருப்பின் மேல்பக்கம் இறுகிப்போய் உள்ளே இருக்கும் நீர் வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொள்ளும், நிறமும் பழுப்பாகும். முருங்கைக் கீரைக்கு இன்னும் குறைவான சூடு வேண்டும், விதை காயவைப்பதானால் 40 டிகிரியைத் தாண்டவே கூடாது, முளைப்புத் திறன் போய்விடும். மேல் தட்டில் ஒன்று, கீழ்த் தட்டில் ஒன்று என்று வெப்ப சென்சார் வைத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும், தட்டு மாற்றிப் போடுவது எப்போது என்றும் தெரியும்.

ஆனால் எங்கள் கூடாரத்தில் பதிவுகள் காட்டிக்கொடுத்தது ராத்திரியை. வெயில் இறங்கியதும் ஷீட் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பருப்பு மட்டும் சூடாக நீரை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய கூடாரத்துக்குள் அந்த ஆவிக்குப் போக இடமில்லை. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்திலேயே உள்ளே ஈரம் 90ஐத் தாண்டி, ஷீட்டின் உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாகப் பருப்பு மேலேயே விழும். பகலில் எடுத்த நீரை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கிறோம். இதைக் கண்ணால் பார்க்க யாரும் ராத்திரி அங்கே இருப்பதில்லை, காலையில் போகும்போது வெயில் பட்டு எல்லாம் காய்ந்திருக்கும்.

அதற்குச் செய்தது சின்ன வேலைதான். வெளியேற்றும் விசிறியைச் சாயங்காலம் வெயிலோடு நிறுத்திவிடாமல், உள்ளே நீர் வெளியைவிட அதிகமாக இருக்கும்வரை ஓடவிடுவது. இந்த விதிக்கு முன்னே சொன்ன 65 நிபந்தனை கிடையாது, ஏனென்றால் இங்கே பருப்பு இன்னும் பச்சை, உள்ளே இருப்பது அதைவிட மோசமான காற்று. ஒரே சென்சார், இரண்டு இடத்தில் இரண்டு விதி. கம்பெனிப் பெட்டியில் எழுதி வரும் ஒரே விதி எல்லா இடத்துக்கும் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மூட்டை அடுக்குக்கும் தானியக் குவியலுக்கும் இன்னொரு மலிவான வழி உண்டு. நீளக் கம்பியின் நுனியில் எஃகுக் குழாய்க்குள் இருக்கும் வெப்ப சென்சாரைக் கட்டி நடுவில் செருகி வைப்பது. வண்டும் பூசணமும் மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு வரும். அறை சூடு ஏறாமல் குவியலின் நடு மட்டும் நாளுக்கு நாள் ஏறினால் உள்ளே ஏதோ நடக்கிறது. கண்ணுக்கு வண்டு தெரியும் முன்னாலேயே அந்த மூட்டையைப் பிரித்து வெயிலில் போடலாம்.

என்ன வாங்குவது, யாரிடம் செய்வது

எங்களிடம் இருப்பது ஈஎஸ்பி32 என்ற சில்லுப் பலகை. வைஃபை அதற்குள்ளேயே உண்டு, விலை சில நூறு ரூபாய். வெப்பத்துக்கு டிஎஸ்18பி20. ஈரத்துக்கு எஸ்எச்டி31. டிஎச்டி22 இன்னும் மலிவு, ஆனால் எப்போதும் ஈரமாக இருக்கும் கூடாரத்தில் சீக்கிரம் அளவு மாறிவிடுகிறது, உலர்ந்த குடோனுக்குப் பரவாயில்லை. பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர்கள் இரண்டு பேர் புராஜெக்ட் வேலையாக இதைச் செய்து கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். பாகங்களுக்கும் டீ செலவுக்கும் ஆனதுதான் செலவு.

இந்தப் பலகைகளுக்கு எழுதும் நிரலுக்குப் பெரும்பாலும் ஆர்டுயினோ என்ற முறை. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காக ஆரம்பித்தது. வரைபடத்தையும் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்து விட்டுவிட்டார்கள். விதையைப் பூட்டி வைக்காமல் கைமாற்றிக்கொள்கிற நமக்கு இது புதுசில்லை.

குடோனுக்கும் வீட்டுக்கும் தூரம் என்றால் வைஃபை எட்டாது, தகரக் கூரை இருந்தால் இன்னும் மோசம். அதற்கு லோரா என்ற வானொலி முறை இருக்கிறது. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், வெட்டவெளியில் சில கிலோமீட்டர் போகும், பேட்டரி வெகுநாள் நிற்கும். படம், பேச்சு எல்லாம் போகாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரெண்டு எண் அனுப்பினால் நமக்குப் போதுமே.

விசிறியையும் மோட்டாரையும் இந்தச் சில்லோடு இணைக்கும் வேலை மட்டும் எலக்ட்ரீஷியனுடையது. 230 வோல்ட்டில் விளையாட்டு வேண்டாம். கூடவே கையால் போடும் சுவிட்சும் தனியாக இருக்கட்டும், சில்லு செத்தாலும் விசிறி ஓடணும்.

ரெடிமேட் பெட்டி வாங்குபவர்கள் சில கேள்விகள் கேட்கவேண்டும். நெட் இல்லாத நாளில் அளவுகளைத் தனக்குள் சேமித்து வைக்குமா? சேமித்ததை நாம் ஒரு தாளாக இறக்கி எடுத்துக்கொள்ள முடியுமா? நம் சரக்கு எவ்வளவு, எப்போது காய்ந்தது என்ற தகவல் யார் கண்ணுக்கெல்லாம் போகிறது? சந்தா நிறுத்தினால் அல்லது கம்பெனியை மூடிவிட்டால் பெட்டி வேலை செய்யுமா? கடைசிக் கேள்வி கற்பனை இல்லை. அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியை, அந்தக் கம்பெனியை வாங்கிய நெஸ்ட் 2016இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் பெட்டி இருந்தது, சர்வர் நின்றதால் வேலை நின்றது. நம் கொப்பரை எப்போது காயும் என்பதை எங்கோ இருக்கும் சர்வர் தீர்மானிக்கக்கூடாது. அதனால் எங்கள் விதிகள் எல்லாம் குடோன் சில்லுக்குள்ளேயே இருக்கின்றன, அளவுகள் ஒரு மெமரி கார்டில் ஏறுகின்றன. நெட் வந்தால் செல்போனுக்கும் வரும், வராவிட்டால் நஷ்டமில்லை.

எச்சரிக்கை மணியையும் ஒன்றோடு நிறுத்துங்கள். எங்களுக்கு 'உள் ஈரம் மூன்று மணி நேரமாக 70க்கு மேல்' என்பது ஒன்றுதான் மணி. பத்து மணி வைத்தால் நாலாம் நாள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் ஆக்கிவிடுவோம்.

எதற்குத் தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். செக்கில் எள்ளுக்குக் கருப்பட்டி எப்போது சேர்ப்பது, எண்ணெய் எப்போது பிரிகிறது, புண்ணாக்கு போதும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது, இதெல்லாம் செக்கு ஆட்டுபவரின் கண்ணும் விரலும் சொல்லும் விஷயம். அங்கே கேமரா, சென்சார் என்று விற்க வந்தார்கள். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

பதிவேட்டின் பயன்

எதிர்பார்க்காத ஒரு உபயோகம் வந்தது. பிஜிஎஸ் முறையில் சான்று பெறுபவர்கள் தங்கள் குழுவுக்குள் ஒருவரை ஒருவர் பார்வையிட்டுக் கணக்குக் காட்டவேண்டும். 'கந்தகம் போடவில்லை' என்பதை வாயால் சொல்வதோடு, இந்தத் தேதியில் உடைத்தது, இத்தனை நாள் கூடாரத்தில் இருந்தது, பாட்டிலில் 62 காட்டியபோது மூட்டை கட்டியது என்று தாளில் காட்ட முடிகிறது. மூட்டையிலும் எண்ணெய்க் கேனிலும் ஒரு தொகுதி எண் எழுதுகிறோம், அந்த எண்ணை வைத்து நோட்டில் பார்த்தால் எந்தக் களம், எந்த நாள் என்று தெரியும். வாங்குபவர் கேட்டால் நோட்டையே காட்டுகிறோம். செல்போனில் எல்லாம் இருந்தாலும் கையெழுத்து நோட்டு ஒன்று குடோன் கதவில் தொங்குகிறது, கரண்ட் போனாலும் அது படிக்க வரும்.

ஆனால் சென்சார் பதிவு அஃப்லடாக்சின் சோதனைக்கு மாற்று இல்லை. வயலிலேயே, கடலை காய் பிடிக்கும்போது வறட்சி வந்தால் மண்ணிலிருந்தே பூசணம் ஏறியிருக்கும். அதை உலர்த்தி அழிக்க முடியாது, மேலும் பெருகாமல் தடுக்கத்தான் முடியும். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது என்று கையால் பொறுக்கி எடுக்கும் வேலை அப்படியே இருக்கும். பொறுக்கிய கழிவைச் செக்கிலும் போடக்கூடாது, மாட்டுக்கும் வைக்கக்கூடாது. பெரிய அளவில் விற்கும்போது ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாதிரியாவது ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், நாலைந்து செக்குக்காரர்கள் சேர்ந்து அனுப்பினால் பயணச் செலவாவது பங்கு போகும்.

புதுசாக ஆரம்பிப்பவர்கள் இந்தப் பருவத்துக்கு ஒரு மானி, ஒரு பாட்டில், ஒரு நோட்டு என்று போங்கள். ஒரு பருவம் முழுக்க எழுதினால் உங்கள் கூடத்தில் ஈரம் எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். சென்சார் மாட்டவேண்டிய இடமும் அதுதான். உப்புச் சோதனைக்கு வைத்த உப்பைக் கொட்டிவிடாமல் காற்றுப்புகாத டப்பாவிலேயே மூடி வையுங்கள், உலர்ந்துபோனால் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் அடுத்த தடவைக்கும் அதே போதும்.